வெள்ளியின் டி-பட்டை இன்னும் ஆழத்தில் இருக்கிறதே, பிறகு ஏன் தங்கம் எதையும் ஒட்டவிடுவதில்லை?

முதுகலை வேதியியல் படிக்கும் ஒருவரின் கேள்வி இது: "நிக்கல் மேல் ஹைட்ரஜன் பட்டதும் பிளந்து ஒட்டிக்கொள்கிறது. செம்பின் மேல் தயங்குகிறது. தங்கத்தின் மேல் ஒட்டவே மாட்டேன் என்கிறது. இதற்கெல்லாம் டி-பட்டை மையம் என்ற ஒரே எண்ணைக் காரணமாகச் சொல்கிறார்கள். அது மேலே இருந்தால் பிடிப்பு அதிகம், கீழே போனால் குறைவு. ஆனால் அட்டவணையில் வெள்ளியின் எண் தங்கத்தைவிடக் கீழே இருக்கிறது. அப்படியானால் வெள்ளிதானே தங்கத்தைவிட மந்தமாக இருக்க வேண்டும்?"

அட்டவணையைப் பார்த்து இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவர் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறார். டி-பட்டை என்பது உலோக அணுக்களின் டி-ஆர்பிட்டால்கள் ஒன்றுகலந்து உண்டாகும் ஆற்றல் மட்டங்களின் தொகுதி; மையம் அதன் சராசரி ஆற்றல். சுருக்கமான பதில்: அந்த எண் கதையில் பாதி. மறுபாதி, உலோகத்தின் டி-ஆர்பிட்டாலும் ஒட்டவரும் அணுவின் ஆர்பிட்டாலும் எவ்வளவு பலமாக ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது. அந்த மறுபாதியில் தங்கம் வெள்ளியை முந்துகிறது. இதை முறையாகப் புரிந்துகொள்ள, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

பரப்புக் கவர்தலின், அதாவது மூலக்கூறு பரப்பில் ஒட்டுவதன், வலிமைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதைப் பால் சபாட்டியே நூறாண்டுக்கு முன்பே சொல்லிவிட்டார் (1912-இல் நோபல் பரிசு பெற்றவர், நிக்கலை வைத்து ஹைட்ரஜனேற்றம் செய்தவர்). பிடி இளகினால் மூலக்கூறு பிளக்காது. பிடி இறுகினால் பிளந்த துண்டு இடத்தைவிட்டு நகராது. நல்ல வினைவேகமாற்றி இரண்டுக்கும் நடுவே நிற்க வேண்டும். சரி, ஆனால் பிடியின் அளவை எது முடிவு செய்கிறது? அதற்கு அவரிடம் பதில் இல்லை. எலக்ட்ரானே அப்போதுதான் அறிமுகமாகிக்கொண்டிருந்தது.

1950-களில் ஒரு பதில் வந்தது: டி-பட்டையில் எத்தனை காலியிடம் இருக்கிறது என்று எண்ணுங்கள். நிக்கலில் அணுவுக்குச் சுமார் 0.6 காலியிடம். அதில் செம்பைக் கலந்தால் செம்பின் கூடுதல் எலக்ட்ரான் போய் அந்த இடத்தை நிரப்பும், சுமார் 60 சதவீதம் செம்பு சேர்ந்ததும் வினைத்திறன் படுத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அழகான கணக்கு, ஆனால் தவறு. நிக்கல்-செம்புக் கலவையில் செம்பு பரப்புக்கு ஏறிவந்து உட்கார்ந்துகொள்கிறது. உள்ளே இருக்கும் விகிதம் வேறு, மேலே இருக்கும் விகிதம் வேறு. போதாக்குறைக்கு, 1960-களின் இறுதியில் ஒளி உமிழ்வு அளவீடுகள், கலவைக்குள்ளும் நிக்கலின் டி-நிலைகள் நிக்கலிடமும் செம்பின் டி-நிலைகள் செம்பிடமுமே இருப்பதைக் காட்டிவிட்டன. பொதுப் பானையில் எலக்ட்ரானைக் கொட்டி எண்ணும் கோட்பாடு அத்தோடு முடிந்தது. அதிலிருந்து மிஞ்சிய பாடம் ஒன்று உண்டு: பார்க்க வேண்டியது முழு உலோகத்தை அல்ல, ஒட்டும் இடத்தில் இருக்கும் அந்த அணுவின் டி-நிலைகளை.

உருப்படியான கோட்பாடு காந்தவியலில் இருந்து வந்தது. உலோகத்துக்குள் ஒரு காந்த மாசு அணு இருந்தால் அதன் எலக்ட்ரான் மட்டம் என்ன ஆகும் என்று பிலிப் ஆண்டர்சன் 1961-இல் ஒரு மாதிரி எழுதினார். அதே கணிதத்தை 1969-இல் நியூன்ஸ் பரப்பில் ஒட்டும் ஹைட்ரஜனுக்குப் பொருத்தினார். மாசு அணுவின் இடத்தில் ஒட்டும் அணு, அவ்வளவுதான். இன்று நாம் பேசும் எல்லாமே இந்த நியூன்ஸ்-ஆண்டர்சன் மாதிரியின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்.

அந்த மாதிரி சொல்வது இது. ஒட்டவரும் அணுவிடம் கூர்மையான ஒரு மட்டம் இருக்கிறது. அது அகலமான பட்டையைச் சந்தித்தால் ஒன்று நடக்கும், குறுகலான பட்டையைச் சந்தித்தால் வேறொன்று நடக்கும். உலோகத்தின் எஸ், பி ஆர்பிட்டால்களால் ஆன எஸ்-பி பட்டை மிக அகலம். அதோடு கலக்கும்போது அணுவின் மட்டம் சற்றே கீழிறங்கிப் பரவலாகிவிடுகிறது, உடையவில்லை. டி-பட்டை குறுகல். ஒரே தாளத்தில் ஆடும் இரண்டு ஊஞ்சல்களை ஒரு கயிற்றால் இணைத்துப் பாருங்கள்: பழைய ஒற்றைத் தாளத்துக்குப் பதில், ஒன்று மெதுவாகவும் ஒன்று வேகமாகவும் இரண்டு தாளங்கள் பிறக்கும். அதுபோல அணுவின் மட்டமும் டி-பட்டையும் சேர்ந்து கீழே ஒரு பிணைப்பு நிலையாகவும் மேலே, எலக்ட்ரான் நிரம்பினால் பிணைப்பைத் தளர்த்தும் ஓர் எதிர்பிணைப்பு நிலையாகவும் பிரிகின்றன.

இங்கிருந்து கோட்பாட்டாளர்கள் பியார்க் ஹாமரும் யென்ஸ் நோர்ஸ்கோவும் எடுத்த அடி எளிமையானது. இடைநிலை உலோகங்களுக்கிடையே எஸ்-பி பட்டையின் பங்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிறது. ஆகவே ஒரு உலோகத்துக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு டி-பட்டையிலிருந்துதான் வர வேண்டும். டி-பட்டையின் முழு வடிவத்தையும் ஒரு சராசரி ஆற்றலால் குறித்தால், அதுதான் மையம். உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் மேல் எல்லையான ஃபெர்மி மட்டத்தைப் பூஜ்யமாக வைத்துப் பார்த்தால் இரும்புக்குச் சுமார் -0.9 எலக்ட்ரான் வோல்ட், கோபால்ட்டுக்கு -1.2, நிக்கலுக்கு -1.3, செம்புக்கு -2.7. தனிம அட்டவணையில் வலப்பக்கம் போகப் போகப் பட்டை நிரம்பிக் கீழே அமிழ்கிறது. அதற்கடுத்த வரிசைகளில் பல்லேடியம் -1.8, வெள்ளி -4.3, பிளாட்டினம் -2.25, தங்கம் -3.6.

இங்கே பலரும், சில ஆசிரியர்கள் உட்பட, ஒரு தவறைச் செய்கிறார்கள். "டி-பட்டை மேலே இருந்தால் எலக்ட்ரானை எளிதாகக் கொடுக்கும், அதனால் பிடிப்பு அதிகம்" என்பார்கள். அப்படி இல்லை. பட்டை மேலே இருந்தால் அதிலிருந்து பிரியும் எதிர்பிணைப்பு நிலை இன்னும் மேலே, ஃபெர்மி மட்டத்துக்கு மேலே போய்விடும். அங்கே எலக்ட்ரான் கிடையாது, எதிர்பிணைப்பு காலியாக இருக்கும், பிணைப்பு வலுக்கும். பட்டை கீழே இறங்கினால் எதிர்பிணைப்பு நிலையும் ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே வந்து நிரம்பிவிடும். கிடைத்த லாபம் கரைந்துவிடும். முடிவு ஒன்றுதான் என்றாலும் காரணம் வேறு. காரணத்தைப் பிழையாக வைத்திருந்தால், விதி தப்பும் இடங்களில் ஏன் தப்புகிறது என்றே தெரியாமல் போகும்.

இப்போது தங்கத்துக்கு வருவோம். தங்கம் ஏன் எல்லா உலோகங்களையும்விட மந்தம் என்பதே ஹாமரும் நோர்ஸ்கோவும் 1995-இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரையின் கேள்வி. நிக்கல், செம்பு, பிளாட்டினம், தங்கம் ஆகிய நான்கின் மேல் ஹைட்ரஜன் மூலக்கூறு எப்படிப் பிளக்கிறது என்று கணக்கிட்டார்கள். செம்பிலும் தங்கத்திலும் எதிர்பிணைப்பு நிலை நிரம்பியிருந்தது. ஆனால் அது மட்டுமே காரணமென்றால் தங்கம் செம்பைப்போல நடந்துகொள்ள வேண்டும். நடப்பதில்லை. ஏனெனில் இரண்டாவது ஒரு செலவு இருக்கிறது.

ஹீலியம் ஏன் இரட்டை மூலக்கூறு ஆவதில்லை என்று முதலாண்டில் படித்திருப்பீர்கள். நிரம்பிய இரண்டு ஆர்பிட்டால்கள் சந்திக்கும்போது பிணைப்பு மட்டம் இறங்குகிற அளவைவிட எதிர்பிணைப்பு மட்டம் ஏறுகிற அளவு எப்போதும் சற்று அதிகம். இரண்டும் நிரம்பியிருந்தால் கூட்டிக் கழித்துப் பார்க்கையில் நஷ்டம்தான். பவுலி விலக்கல் விதியின் விளைவான இந்த விலக்கம், ஆர்பிட்டால்கள் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படர்கின்றன என்பதைப் பொறுத்தது. இந்த இணைவின் வலிமையை அதன் வர்க்கத்தால் குறிப்பார்கள். செம்புக்கு 1 என்று வைத்தால் நிக்கலுக்கு 1.2, வெள்ளிக்கு 2.3, பல்லேடியத்துக்கு 2.8, தங்கத்துக்கு 3.4, பிளாட்டினத்துக்கு 3.9. மூன்றாவது வரிசையின் 5டி ஆர்பிட்டால்கள் பருமனானவை. அணுவுக்கு வெளியே நன்றாக நீண்டிருப்பவை.

இனி உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். எதிர்பிணைப்பு நிலை முழுவதும் நிரம்பிவிட்ட பிறகு, டி-பட்டை 3.6-இல் கிடந்தால் என்ன, 4.3-இல் கிடந்தால் என்ன? டி-எலக்ட்ரான்களால் வரும் லாபம் இரண்டிலும் பூஜ்யத்தை ஒட்டித்தான். மிஞ்சுவது செலவு மட்டும். செலவு இணைவைப் பொறுத்தது. செம்பு 1, வெள்ளி 2.3, தங்கம் 3.4; ஆக்சிஜன் அணுவின் பிடிப்பும் இதே வரிசையில் செம்பில் அதிகம், வெள்ளியில் குறைவு, தங்கத்தில் மிகக் குறைவு. பிளாட்டினத்தின் இணைவு தங்கத்தைவிடவும் பெரிது, ஆனாலும் அது நன்றாகப் பிடிக்கிறது. காரணம் அங்கே எதிர்பிணைப்பின் பெரும்பகுதி காலி. லாபக் கணக்கு, செலவுக் கணக்கு இரண்டையும் பார்க்காமல் மையத்தை மட்டும் பார்ப்பவர் வெள்ளியிடம் ஏமாறுவார்.

ஒரு கிளைக்கதை. தங்கத்தின் டி-பட்டை வெள்ளியைவிட மேலே இருப்பதை நீங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். கனமான அணுவில் ஐன்ஸ்டைனின் சார்பியல் விளைவால் 6எஸ் ஆர்பிட்டால் சுருங்குகிறது, 5டி விரிந்து மேலேறுகிறது. அதனால் தங்கத்தில் டி-பட்டையிலிருந்து எலக்ட்ரானை மேலே தூக்கச் சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட்டே போதும். அது நீல ஒளியை விழுங்குகிறது, மிஞ்சுவது மஞ்சள். வெள்ளியில் அதற்குச் சுமார் 4 வேண்டும். அது புற ஊதாவில் போய்விடுகிறது, கண்ணுக்கு எல்லா நிறமும் திரும்பிவருகிறது. ஆக, தங்கத்தின் நிறமும் மந்தத்தன்மையும் ஒரே 5டி ஆர்பிட்டாலின் இரண்டு முகங்கள். அப்புறம், கொலுசு கறுப்பதைக் காட்டி "வெள்ளி ஆக்சிஜனோடு சேர்கிறதே" என்று கேட்காதீர்கள். அந்தக் கறுப்பு காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களின் வேலை.

தங்கம் எந்நாளும் மந்தம்தானா? இல்லை. 1987-இல் ஹருடாவின் குழு, ஆக்சைடு மேல் படிந்த நுண்ணிய தங்கத் துகள்கள் பூஜ்ய டிகிரிக்கு வெகு கீழேயே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றுவதைக் காட்டியது. துகள் சிறியதானால் மூலையிலும் விளிம்பிலும் இருக்கும் அணுக்களுக்கு அண்டை அணுக்கள் குறைவு. அண்டை குறைந்தால் பட்டை குறுகும். எலக்ட்ரான் எண்ணிக்கை மாறாமல் இருக்க வேண்டுமென்றால் குறுகிய பட்டை மேலேறித்தான் ஆக வேண்டும். ஆனால் இதை மட்டுமே வைத்து ஹருடாவின் துகள்களை விளக்கிவிட முடியாது. தங்கமும் ஆக்சைடும் சந்திக்கும் எல்லைக்கோட்டுக்கும் பங்குண்டு.

பட்டை குறுகினால் மையம் ஏறும் என்ற இந்த ஒரு வரி, டி-பட்டை பாதிக்கு மேல் நிரம்பிய உலோகங்களில், நிறையச் சாதிக்கிறது. பரப்பை இழுத்து நீட்டினாலும் இதே கதை: அணுக்கள் விலகும், படர்வு குறையும், பட்டை குறுகும், மையம் ஏறும், பிடிப்பு வலுக்கும். 1998-இல் ஜெர்மனியில் செய்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ருத்தேனியத்துக்குள் ஆர்கான் அயனிகளைச் செலுத்தி, பரப்புக்குச் சற்று கீழே வாயுக் குமிழிகளை உண்டாக்கினார்கள். குமிழிக்கு மேலே பரப்பு அப்பளம்போல உப்பி, உச்சியில் இழுபட்டும் ஓரத்தில் நெரிபட்டும் நின்றது. ஆக்சிஜனை விட்டதும் அது இழுபட்ட இடத்தைத் தேடிப்போய் ஒட்டியது. உலோகம் அதே ருத்தேனியம், முகமும் அதே முகம்; மாறியது அணுக்களுக்கு இடையிலான தூரம் மட்டும். நுண்ணோக்கியில் இதைக் கண்ணால் காண்பது எந்தச் சமன்பாட்டையும்விட நம்ப வைக்கும்.

எதிர்த்திசையிலும் பயன் உண்டு. எரிபொருள் மின்கலனில் பிளாட்டினம் ஆக்சிஜன் துண்டுகளைக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துக்கொள்கிறது. மூன்று பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு நிக்கலும் சேர்ந்த கலவையில் மேலடுக்கு பிளாட்டினமாகவே இருக்க, அடியடுக்கில் நிக்கல் சேர்ந்து, மேலிருக்கும் பிளாட்டினத்தின் டி-பட்டையைக் கீழே தள்ளுகிறது. 2007-இல் ஸ்டாமென்கோவிச்சும் சகாக்களும் இந்தக் கலவையின் 111 முகம் (படிகத்தைக் குறிப்பிட்ட ஒரு திசையில் வெட்டினால் வரும் பரப்பு), தூய பிளாட்டினத்தின் அதே முகத்தைவிடப் பத்து மடங்கு வேகமாக ஆக்சிஜனை ஒடுக்குவதை அளந்தார்கள்.

கார்பன் மோனாக்சைடைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. பிளைஹோல்டர் 1964-இல் தந்த படம் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது: மூலக்கூறின் 5சிக்மா ஆர்பிட்டாலிலிருந்து உலோகத்துக்கு எலக்ட்ரான் போகிறது, உலோகத்தின் டி-நிலைகளிலிருந்து 2பை எதிர்பிணைப்பு ஆர்பிட்டாலுக்குத் திரும்பி வருகிறது. திரும்பி வருவது கார்பன்-ஆக்சிஜன் பிணைப்பைத் தளர்த்துவதால் அதிர்வெண் குறைகிறது. வாயுவில் சென்டிமீட்டருக்கு 2143 அலைகள். பிளாட்டினத்தில் ஓர் அணுவின் தலைமேல் உட்கார்ந்தால் 2100-ஐ ஒட்டி. இரண்டு அணுக்களுக்கு நடுவே பாலம்போல உட்கார்ந்தால் 1850-ஐ ஒட்டி. எக்ஸ்-கதிர் உமிழ்வு அளவீடுகள் பின்னர் படத்தைத் திருத்தின: பை பக்கம்தான் உண்மையில் ஈர்க்கிறது, சிக்மா பக்கத்தில் மொத்தத்தில் விலக்கமே மிகுதி. 

கணக்கீட்டுப் பக்கத்தில் இதே மூலக்கூறு பெரிய தலைவலி. அடர்த்திச் சார்பியக் கோட்பாடு, எல்லோரும் டி.எஃப்.டி என்பது, பிளாட்டினம் 111 முகத்தில் கார்பன் மோனாக்சைடு மூன்று அணுக்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் உட்காரும் என்கிறது. சோதனையில் அது அணுவின் தலைமேல் உட்காருகிறது. மாணவனாக இருந்தபோது இந்தக் கணக்கை ஓட்டிவிட்டு, உள்ளீட்டுக் கோப்பில்தான் ஏதோ பிழை என்று இரண்டு வாரம் தேடினேன். பிழை என்னுடையது அல்ல. 2001-இல் ஃபைபெல்மனும் பலரும் சேர்ந்து, வெவ்வேறு நிரல்களை வைத்துப் பார்த்தும் அதே தவறான விடை வருவதை எழுதிவைத்திருக்கிறார்கள். வழக்கமான சார்பியங்கள் (எலக்ட்ரான்களின் ஆற்றலைத் தோராயமாகத் தரும் சூத்திரங்கள்) 2பை மட்டத்தை இருக்க வேண்டியதைவிடக் கீழே வைக்கின்றன; எலக்ட்ரான் திரும்பி வருவது மிகையாகிறது; அதை அதிகம் பயன்படுத்தும் பள்ளம் ஜெயித்துவிடுகிறது. 1999-இல் வந்த ஆர்.பி.பி.இ சார்பியம் அளவுமீறிய பிடிப்பைக் குறைத்தது, இடத்தைத் திருத்தவில்லை. இன்னும் செலவு பிடிக்கும் முறைகள்தான் இடத்தைச் சரியாகச் சொல்கின்றன.

அம்மோனியாத் தயாரிப்பு வேறொரு எச்சரிக்கை தருகிறது. ருத்தேனியத்தின் சமதளத்தில் நைட்ரஜனைப் பிளக்கக் கிளர்வு ஆற்றல் சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட். ஓரணு உயரப் படிக்கட்டின் விளிம்பில் 0.4. டேனிஷ் ஆய்வாளர்கள் 1999-இல் இதைக் காட்டிய விதம் சுவையானது. மிகச் சிறிதளவு தங்கத்தைப் பரப்பில் தூவினார்கள். அது படிக்கட்டு விளிம்புகளில் போய் உட்கார்ந்து அவற்றை மூடியது. வினை கிட்டத்தட்ட நின்றுபோனது. விளிம்பில் டி-பட்டை சற்று மேலே இருப்பது ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் வடிவம்: பிளக்கும் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஒரே உலோக அணுவைப் பங்குபோட வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எலக்ட்ரான் பட்டையின் தலையில் போடக்கூடாது. அதே தொழிலில் இரும்போடு பொட்டாசியம் சேர்ப்பதும் அப்படித்தான். அதன் உதவியில் பெரும்பங்கு நிலைமின் புலத்தின் வழியாக வருவது.

பிடிப்பைக் கணிக்கத் தெரிந்தால் வேண்டிய வினைவேகமாற்றியை வடிவமைத்துவிடலாமே என்று தோன்றும். ஒரு தடை இருக்கிறது. ஒரே அணு வழியாக ஒட்டும் துண்டுகளின் பிடிப்புகள் ஒன்றோடொன்று கட்டுண்டவை. ஆக்சிஜன் ஒடுக்கத்தில் வரும் ஓ.ஓ.எச், ஓ.எச் என்ற இரு துண்டுகளின் ஆற்றல் வேறுபாடு எந்த உலோகத்தை எடுத்தாலும் 3.2 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டியே நிற்கிறது. மின்னழுத்தம் வீணாகாமல் வினை நடக்க வேண்டியது 2.46. ஒன்றைத் தளர்த்தினால் மற்றதும் தளர்கிறது. எரிபொருள் மின்கலன்களில் மின்னழுத்தம் வீணாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கோட்பாடு தப்பும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஓ.எச், ஃபுளோரின் போன்ற, ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பிய ஆர்பிட்டால்களோடு வரும் துண்டுகள், டி-பட்டை கிட்டத்தட்ட நிரம்பிய பிளாட்டின, பல்லேடியக் கலவைகளில் விதியைத் தலைகீழாக்கலாம். மையம் கீழிறங்க இறங்கப் பிடிப்பு கூடும். சின், லினிச் இருவரும் 2010-இல் இதைக் காட்டினார்கள். மேலே தங்கத்தில் பார்த்த அதே பவுலி விலக்கம்தான் இங்கேயும் ஆட்சி செய்கிறது, அதனால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வெள்ளியில் ஆங்காங்கே ஒற்றைச் செம்பு அணுவைப் பதித்த கலவைகளில் செம்பின் டி-நிலை பட்டையாகவே இல்லாமல் ஊசிபோலக் கூர்மையாகிவிடுகிறது. அதற்குச் சராசரி எடுப்பதில் பொருள் குறைவு. ஆக்சைடுகளில் உலோகத்தின் டி-மையத்தை விட்டுவிட்டு ஆக்சிஜனின் பி-பட்டையையோ, ஓர் ஆக்சிஜனைப் பிடுங்க ஆகும் ஆற்றலையோ பார்ப்பதே நல்லது. இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற காந்த உலோகங்களில் எலக்ட்ரானின் இரண்டு சுழற்சித் திசைகளுக்கும் தனித்தனி மையம் வேண்டும்.

நடைமுறைக்கு ஒன்று. வேறு வேறு கட்டுரைகளில் இருக்கும் மையங்களை ஒரே அட்டவணையில் சேர்க்காதீர்கள். காலி நிலைகளை எதுவரை கூட்டினார்கள், எந்தச் சார்பியம், எத்தனை அடுக்கு என்பதைப் பொறுத்து எண் நகரும். அதைவிட நல்லது, ஒருமுறை நீங்களே நிக்கல், பிளாட்டினம், செம்பு, வெள்ளி, தங்கம் ஐந்தின் மேலும் ஒரு ஹைட்ரஜன் அணுவை வைத்து, அந்த அணுவின் 1எஸ் நிலை அடர்த்தியை (எந்த ஆற்றலில் எவ்வளவு நிலைகள் இருக்கின்றன என்பதை) மட்டும் வரைந்து பாருங்கள். கீழே ஒரு பெரிய மேடு, அதற்கு மேலே ஒரு சின்ன மேடு தெரியும். அந்தச் சின்ன மேடுதான் எதிர்பிணைப்பு. நிக்கலிலும் பிளாட்டினத்திலும் அதன் பெரும்பகுதி ஃபெர்மி கோட்டுக்கு மேலே நிற்கும், மற்ற மூன்றிலும் கோட்டுக்குக் கீழே.